வாங்கப் போறாங்களாம்! ஒரு அஞ்சு மாச வதந்தியின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் நான் வேலை பாக்கற இடம்தான். ஒரு மாசமா எங்க ஆபீஸ் வாசல் டீக்கடையில ஒரே பேச்சு. நம்ம கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கப் போகுதாம். யார் சொன்னா? தெரியாது. எவ்வளவுக்கு? ஆளுக்கு ஒரு தொகை. கம்பெனி பேரை நான் சொல்லப் போறதில்ல, நீங்களும் கமெண்ட்ல கேக்காதீங்க. ஆனா என் டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, அப்போ நம்ம ஈசாப் என்ன ஆகும்?" ஈசாப்னா கம்பெனி ஊழியர்களுக்குத் தர்ற பங்கு உரிமை. நல்ல கேள்வி. அதுக்கு நேரடியா பதில் சொல்றதை விட, இந்தியாவில ஒரு பெரிய இன்டர்நெட் கம்பெனியை அதோட பரம எதிரி வாங்கப் போகுதுன்னு அஞ்சு மாசம் நாடே பேசின கதையைச் சொல்றது எனக்குச் சரியா பட்டது. வருஷம் 2017. வாங்க இருந்தது ஃப்ளிப்கார்ட். விக்கப்பட இருந்தது ஸ்னாப்டீல்.

அதுக்கு முன்னாடி ஒரு ஒப்பீடு. இந்த மாதிரி கதைகளிலேயே உலகத்துக்கு ரொம்பப் பிரபலமானது மைக்ரோசாஃப்ட் யாகூவை வாங்கப் போன கதை. 2008 பிப்ரவரி 1ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளிப்படையா அறிவிச்சது: ஒரு பங்குக்கு 31 டாலர், மொத்தம் 4,460 கோடி டாலர். முந்தின நாள் சந்தை விலையை விட 62 சதவீதம் அதிகம். யாகூவை நடத்திக்கிட்டிருந்த ஜெர்ரி யாங் தரப்பு போதாதுன்னு சொல்லிட்டாங்க. மைக்ரோசாஃப்ட் 33 டாலர் வரைக்கும் ஏறிப் பாத்தது. மே 3ஆம் தேதி கையை விரிச்சிட்டுப் போயிட்டது. அதே யாகூவோட முக்கிய வியாபாரம் 2017 ஜூன்ல வெரைசனுக்குக் கைமாறினப்போ விலை 448 கோடி டாலர். பத்துல ஒரு பங்கு.

இதுல கவனிக்க வேண்டியது, விலை எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. யாகூ பங்குச் சந்தையில பட்டியலிடப்பட்ட கம்பெனி. அதனால கடிதம், பதில் கடிதம், தேதி எல்லாம் ஊரறிஞ்ச விஷயம். நம்ம கதையில அப்படி இல்ல. ஃப்ளிப்கார்ட், ஸ்னாப்டீல் ரெண்டுமே அப்போ பட்டியலிடப்படாத தனியார் கம்பெனி. யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்ல. அதனால அஞ்சு மாசமும் நமக்குக் கிடைச்சது "விஷயம் அறிந்த வட்டாரங்கள்" மட்டும்தான். அந்த வட்டாரம் எவ்வளவு பெரிய வட்டாரம்னா, தினம் ஒரு பேப்பருக்கு ஒரு தொகை சொல்ற அளவுக்கு.

சரி, ரெண்டு பேரும் யாரு?

ஃப்ளிப்கார்ட் 2007 அக்டோபர்ல பெங்களூர்ல சச்சின் பன்சல், பின்னி பன்சல் ஆரம்பிச்சது. புத்தகக் கடையா ஆரம்பிச்சாங்க. (பேர் ஒண்ணா இருக்கு, சொந்தக்காரங்க இல்ல.) ஸ்னாப்டீல் 2010 பிப்ரவரியில டெல்லியில. குணால் பால், ரோஹித் பன்சல்னு ரெண்டு பள்ளிக்கூட நண்பர்கள். இங்கயும் ஒரு பன்சல், இவரும் அவங்களுக்குச் சொந்தமில்ல. மொதல்ல ஹோட்டல், பியூட்டி பார்லர் தள்ளுபடிக் கூப்பன் வித்தாங்க. 2011 கடைசியில, சீனாவில அலிபாபா எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு வந்த பிறகு, கூப்பனை விட்டுட்டு முழு மார்க்கெட்பிளேஸா மாறினாங்க.

மார்க்கெட்பிளேஸ்னா என்னன்னு எங்க ஊர்க்காரனுக்கு விளக்கவே வேண்டாம். நெய்யூருக்குப் பக்கத்துலயே திங்கள்சந்தை. பேரிலேயே இருக்கு. சந்தைக்கு இடம் ஒருத்தரோடது, வாழைக்குலையும் கருப்பட்டியும் வேற ஆட்களோடது. சந்தை நடத்தறவர் எதையும் விக்கிறது இல்ல, விக்க இடம் குடுத்து அதுக்குக் காசு வாங்கறார். ஸ்னாப்டீல் அப்படி ஒரு சந்தை. ஃப்ளிப்கார்ட் தன்னோட நெருக்கமான ஒரு பெரிய விற்பனையாளர் மூலமா நிறைய வித்ததால, பாதி சந்தை, பாதி கடை மாதிரி இருந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்கின கம்பெனி நேரடியா பொருள் விக்கக்கூடாது, சந்தை மட்டும்தான் நடத்தலாம்ங்கறது நம்ம நாட்டு விதி. 2016ல அதை இன்னும் தெளிவாக்கி, ஒரே விற்பனையாளர் மொத்த விற்பனையில 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னும் சொன்னாங்க.

2012, 13ல எங்க பக்கத்துல பின்கோடைத் தட்டினா பாதிப் பொருளுக்கு "உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை"ன்னு வரும். மெல்ல மெல்ல வர ஆரம்பிச்சது. டெலிவரி பண்றவர் ஃபோன் பண்ணி, "ஆஸ்பத்திரி முக்கு வரைக்கும் வந்துருவீங்களா?"ன்னு கேப்பார். நெய்யூர்ல ஆஸ்பத்திரின்னா ஒண்ணுதான், 1838ல லண்டன் மிஷன் ஆரம்பிச்சது. எங்களுக்கு எல்லா வழியும் அங்கருந்துதான் தொடங்கும். பொருளைப் பாத்து, கையில காசு குடுத்து வாங்குவோம். கேஷ் ஆன் டெலிவரி. இந்தியாவின் சின்ன ஊர்கள் ஆன்லைனுக்கு வந்ததே அந்த ஒரு வசதியாலதான். ஸ்னாப்டீலோட பலமும் அந்த மாதிரி ஊர்கள்தான்: விலை குறைஞ்ச துணி, செருப்பு, சமையலறைச் சாமான்.

2014 வந்ததும் பணம் மழையா கொட்டுச்சு. ஜூலை 29ல ஃப்ளிப்கார்ட் 100 கோடி டாலர் திரட்டினதா அறிவிச்சது. மறுநாளே அமேசான், இந்தியாவில 200 கோடி டாலர் போடறோம்னு அறிவிச்சது. மறுநாளேங்கறதைக் கவனிங்க. அக்டோபர் கடைசியில ஜப்பானோட சாஃப்ட்பேங்க் ஸ்னாப்டீலுக்குள்ள 62.7 கோடி டாலரோட வந்து பெரிய பங்குதாரரா உக்காந்தது. அதே மாசம் 6ஆம் தேதி ஃப்ளிப்கார்ட் முதல் பிக் பில்லியன் டே நடத்தி, சைட் படுத்துக்கிச்சு. அன்னிக்குக் காலைல ஸ்னாப்டீல் பேப்பர்ல ஃப்ளிப்கார்ட் விளம்பரத்துக்குப் பக்கத்துலயே விளம்பரம் குடுத்து நக்கல் அடிச்சது. மத்தவங்களுக்குத்தான் இன்னிக்குப் பெரிய நாள், எங்களுக்கு எல்லா நாளும் இப்படித்தான்ங்கற அர்த்தத்துல.

2016 மார்ச்ல ட்விட்டர்ல நடந்தது இன்னும் மோசம். அலிபாபா நேரடியா இந்தியாவுக்கு வருதுன்னு செய்தி வந்ததும், அவங்க இங்க போட்ட முதலீடு எவ்வளவு கேவலமா போயிருக்குன்னு இதுல தெரியுதேன்னு சச்சின் பன்சல் எழுதினார். அலிபாபா பணம் போட்டிருந்தது ஸ்னாப்டீல்ல. குணால் பால் சும்மா இருப்பாரா? மார்கன் ஸ்டான்லி உங்க மதிப்பை வெட்டித் தள்ளினதைப் பாத்துட்டு உங்க வேலையை கவனிங்கன்னு, அச்சில போட முடியாத உவமையோட பதில் போட்டார். இது நடந்து ஒரே வருஷத்துல இந்த ரெண்டு கம்பெனியும் ஒரே மேஜையில உக்காந்து விலை பேசினது. அதனாலதான் இந்த வதந்தி அவ்வளவு ருசியா இருந்தது.

ஸ்னாப்டீல் எப்படிச் சறுக்குச்சு? ஒரே காரணம்னு சொல்ற ஆட்களை நான் நம்பறதில்ல. 2015 ஏப்ரல்ல ஃப்ரீசார்ஜை வாங்கினாங்க. சுமார் 40 கோடி டாலர்னு பேசப்பட்டது. அதுபோக இன்னும் பல சின்னக் கம்பெனிகள், சொந்த டெலிவரிக்கு வல்கன் எக்ஸ்பிரஸ். அந்த வருஷ நவம்பர்ல அவங்க விளம்பர முகமா இருந்த ஆமிர் கான் சொன்ன ஒரு கருத்துக்கு, ஆத்திரம் எல்லாம் ஸ்னாப்டீல் ஆப் மேல திரும்பி, ஆயிரக்கணக்கான பேர் ஒரு ஸ்டார் போட்டு அழிச்சாங்க. 2016 செப்டம்பர்ல லோகோவை மாத்தி, புதுப் பெயர்ப் பாணியோட பெரிய விளம்பரச் செலவு. ரெண்டு மாசத்துல, நவம்பர் 8 ராத்திரி, 500 ரூபா, 1000 ரூபா நோட்டு செல்லாது. கேஷ் ஆன் டெலிவரியை நம்பின கம்பெனிக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எங்க ஊர்ல பாங்க் வாசல்ல வரிசையில நின்னவங்க யாரும் அந்த வாரம் செருப்பு ஆர்டர் பண்ணல.

எல்லாத்துக்கும் மேல, அமேசான். அந்தப் பக்கம் காசு தீரவே தீராது. 2016 ஜூன்ல ஜெஃப் பெசோஸ் இந்திய முதலீட்டை 500 கோடி டாலரா உயர்த்தறோம்னு சொன்னார். மூணு பேர் ஓடற பந்தயத்துல மூணாவது ஆளுக்கு முதலீட்டாளர் தண்ணி பாட்டில் நீட்டறதை நிறுத்திட்டாங்க.

2017 பிப்ரவரி. ஸ்னாப்டீல்ல சுமார் 600 பேரை வேலையை விட்டு அனுப்பினாங்க. நிறுவனர்கள் ரெண்டு பேரும் இனி சம்பளம் வாங்க மாட்டோம்னும், சரியான பொருளாதாரக் கணக்கு வர்றதுக்கு முன்னாடியே நிறைய விஷயத்துல கால் வச்சுட்டோம்னும் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினாங்க. அங்கருந்து வதந்திக்கு வேகம் வந்தது. பேடிஎம் வாங்கும், அலிபாபா வாங்கும், கடைசியில ஃப்ளிப்கார்ட் வாங்கும்.

இங்கதான் விஷயம் இருக்கு. வெளியில இருந்து பாத்தவங்க இதை எதிரி எதிரியை விழுங்கற கதையா பாத்தாங்க. உண்மையில ஃப்ளிப்கார்ட்டுக்கு ஸ்னாப்டீல் மேல அவ்வளவு ஆசை இருந்ததா எனக்குத் தோணல. இந்தக் கல்யாணத்துக்கு அலைஞ்சது தரகர். சாஃப்ட்பேங்க் ஸ்னாப்டீல்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வச்சிருந்தது. அந்தப் பணம் கரைஞ்சுக்கிட்டிருந்தது. அந்த வருஷம் மே மாசம் தன்னோட கணக்குலயே அந்த முதலீட்டின் மதிப்பைப் பயங்கரமா குறைச்சுக் காட்டினாங்க. இன்னொரு பக்கம் மசயோஷி சன் கையில விஷன் ஃபண்ட்னு ஒரு பிரம்மாண்ட நிதி. மே 2017ல 9,300 கோடி டாலரோட முதல் கட்டம் முடிஞ்சது. அவருக்கு இந்தியாவில ஜெயிக்கற குதிரை மேல ஏறணும். குதிரை ஃப்ளிப்கார்ட். ஏற வழி, தோத்துக்கிட்டிருக்கற குதிரையை அதுக்குள்ள செருகிட்டு, கூடவே புதுப்பணம் போடறது.

இது அவர் புதுசா கண்டுபிடிச்ச வித்தை இல்ல. 2015 பிப்ரவரியில சீனாவில டாக்ஸி ஆப் ரெண்டு, டீடியும் குவாய்டீயும், ஒண்ணோட ஒண்ணு அடிச்சு காசைக் கரைச்சுக்கிட்டிருந்தது. ஒண்ணுக்குப் பின்னாடி டென்சென்ட், இன்னொண்ணுக்குப் பின்னாடி அலிபாபா. குவாய்டீயில சாஃப்ட்பேங்கும் இருந்தது. ரெண்டையும் இணைச்சாங்க, அடிதடி நின்னது, தள்ளுபடி குறைஞ்சது, மதிப்பு ஏறிச்சு. முதலீட்டாளருக்கு இணைப்புன்னா போட்டி நிக்கறது. வாங்கறவங்களுக்கு, விக்கிறவங்களுக்கு அதே வார்த்தைக்கு வேற அர்த்தம்.

ஆனா மூணுல ஒரு பங்கு இருந்தா மட்டும் ஒரு கம்பெனியை வித்துட முடியாது. ஸ்னாப்டீல்ல ஆரம்ப காலத்துலயே பணம் போட்ட நெக்சஸ், கலாரி ரெண்டுக்கும் போர்டுல இடம் இருந்தது. அவங்க சம்மதம் வேணும். நிறுவனர்கள் சம்மதம் வேணும். கம்பெனி உச்சத்துல இருந்தப்போ, 2016 பிப்ரவரியில, மதிப்பு 650 கோடி டாலர். இப்போ பேசற விலை 100 கோடிக்கும் கீழ. மார்ச்ல இருந்து மே வரைக்கும் போனது இந்தச் சம்மதம் வாங்கற வேலைதான்.

இந்த இடத்துல அந்தப் பையனோட ஈசாப் கேள்வியை எடுத்துக்குவோம். கொஞ்சம் கணக்கு இருக்கு, ஓடிடாதீங்க.

குலசேகரம் பக்கம் ரெண்டு நண்பர்கள் ரப்பர் ஷீட் வியாபாரம் ஆரம்பிக்கறாங்கன்னு வைங்க. அவங்களுக்கு 55 சதவீதம். கூட வேலை பாக்கறவங்களுக்கு 5 சதவீதம். மாமா ஒருத்தர் 10 லட்சம் போட்டு 10 சதவீதம். நாகர்கோவில் முதலாளி ஒருத்தர் 30 லட்சம் போட்டு 30 சதவீதம். ஆக கம்பெனி மதிப்பு ஒரு கோடி. வேலைக்காரங்களோட 5 சதவீதம் பேப்பர்ல 5 லட்சம். ஆனா மாமாவும் முதலாளியும் பணம் போடும்போது ஒரு வரி எழுதி வாங்கியிருக்காங்க: வித்தா, மொதல்ல நாங்க போட்ட காசை எடுத்துப்போம். மிச்சம் இருந்தாதான் மத்தவங்களுக்கு. இதுக்கு லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்னு பேர். இப்போ வியாபாரம் படுத்து, 40 லட்சத்துக்கு விலை போகுது. 40ல 5 சதவீதம் 2 லட்சம்னு நீங்க கணக்குப் போடுவீங்க. இல்ல. முதலாளி 30 எடுத்தார், மாமா 10 எடுத்தார். மேஜை காலி. ஆரம்பிச்ச ரெண்டு பேருக்கும், கூட வேலை பாத்தவங்களுக்கும் பூஜ்யம்.

ஸ்னாப்டீல் தன் வாழ்நாள்ல திரட்டினது 150 கோடி டாலருக்கு மேல. பேச்சுவார்த்தையில இருந்த விலை அதை விடக் குறைவு. ஒவ்வொரு முதலீட்டாளரோட ஒப்பந்தத்துலயும் என்ன எழுதியிருந்ததுங்கறது அவங்களுக்குத்தான் வெளிச்சம். ஆனா திரட்டினதை விடக் குறைஞ்ச விலைக்குப் போற கம்பெனியில, சாதாரணப் பங்கு வச்சிருக்கறவங்க தனியா கேட்டு வாங்கினாத்தான் உண்டு. இப்படித்தான் "தனிப்பட்ட தொகை"ங்கற சொல் செய்திகளில் வந்தது. நிறுவனர்களுக்கு இவ்வளவு, நெக்சஸுக்கு இவ்வளவு, கலாரிக்கு இவ்வளவுன்னு. தங்களுக்கு வர்றதுல பாதியை, சுமார் 3 கோடி டாலரை, ஊழியர்களுக்குக் குடுக்க நிறுவனர்கள் முன்வந்ததாகவும் செய்தி வந்தது. ஒரு ஊழியரா இதைப் படிச்சா சந்தோஷப்படுவீங்க. ஆனா உங்க பங்கு உரிமை, ஒப்பந்தப்படி வர வேண்டிய காசா இல்லாம, ஒருத்தரோட நல்ல மனசா மாறிடுச்சுங்கறதுதான் அதோட அர்த்தம்.

இதை ஒருத்தர் எழுந்து கேட்டார். அசீம் பிரேம்ஜியோட முதலீட்டு நிறுவனம் பிரேம்ஜி இன்வெஸ்ட் ஸ்னாப்டீல்ல சின்னப் பங்குதாரர். சில பேருக்கு மட்டும் தனித்தொகை எதுக்கு, சிறுபான்மைப் பங்குதாரர்கள் நிலை என்னன்னு அவங்க போர்டுக்கு எழுதினாங்க. எனக்கு இந்தக் கதையில பிடிச்ச பாத்திரம் அதுதான். பெரிய கையெல்லாம் அவசரப்படும்போது, பந்தியில கடைசி வரிசையில இருந்து, "எங்க இலைக்கு என்ன?"ன்னு ஒரு குரல்.

இந்த அஞ்சு மாசமும் கம்பெனிக்குள்ள என்ன நடந்திருக்கும்? வதந்தி சும்மா காத்துல அலையறது இல்ல, அது வேலை செய்யும். நல்லா கோட் எழுதறவனுக்கு வேற வேலை சீக்கிரம் கிடைக்கும், அவன் மொதல்ல போவான். அடுத்து விற்பனையாளர்கள். ஆன்லைன் சந்தையில நீங்க குடுக்கற காசு நேரா விற்பனையாளருக்குப் போறதில்ல. கம்பெனி வாங்கி, பொருள் திரும்பி வராதுன்னு உறுதியான பிறகு, கமிஷனைக் கழிச்சிட்டு அனுப்பும். அதனால எந்த நாள்லயும் விற்பனையாளர்களோட கொஞ்ச நாள் காசு கம்பெனிகிட்ட இருக்கும். கம்பெனி கைமாறப் போகுதுன்னா, அந்த பாக்கிக்கு யார் பொறுப்பு? ஆன்லைன் விற்பனையாளர் சங்கம் இதை வெளிப்படையாவே எழுப்பினது. திருப்பூர்லயோ சூரத்துலயோ துணி அனுப்பற சின்ன வியாபாரி, பயத்துல அனுப்பற சரக்கைக் குறைப்பான். சரக்கு குறைஞ்சா வாடிக்கையாளர் வேற ஆப்புக்குப் போவார். வாடிக்கையாளர் போனா விலை இறங்கும். விலை இறங்கினா அடுத்த வதந்தி. நடுவுல ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வேற வந்து விழுந்தது.

எங்க பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இந்தச் சுழல் தெரியும். 1937ல திருவிதாங்கூர் நேஷனல் பேங்கும் குயிலான் பேங்கும் இணைஞ்சது. ரெண்டு போட்டி பேங்க் சேர்ந்து நாட்டிலேயே பெரிய பேங்குகளில் ஒண்ணா ஆச்சு. இணைஞ்சா பலம்னுதான் நினைச்சிருப்பாங்க. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரோட அரசியல் பகை, பயந்துபோய்ப் பணத்தை எடுக்க ஓடின டெபாசிட்காரங்க, எல்லாம் சேர்ந்து 1938 ஜூன்ல கதவைச் சாத்தினாங்க. நெய்யூர் அப்போ திருவிதாங்கூர்ல இருந்தது; 1956 நவம்பர்லதான் நாங்க இந்தப் பக்கம் வந்தோம். பேங்கோ ஆப்போ, அடுத்தவன் காசு கையில இருக்கற எந்த வியாபாரத்துக்கும் இந்த பயம் பொது.

ஜூலை தொடக்கத்துல ஃப்ளிப்கார்ட் சொன்னதா வந்த விலை சுமார் 55 கோடி டாலர். ஸ்னாப்டீல் போர்டு மறுத்தது. மாசக் கடைசிக்குள்ள அது 90ல இருந்து 95 கோடி டாலரா ஏறிச்சு. அந்தக் காசும் ரொக்கமா இல்ல, பெரும்பாலும் ஃப்ளிப்கார்ட் பங்கா. கூடவே நிபந்தனைகள். ஃப்ரீசார்ஜும் வல்கனும் இந்தப் பேரத்துல இல்ல. ஜூலை 27ல ஆக்ஸிஸ் பேங்க் ஃப்ரீசார்ஜை 385 கோடி ரூபாய்க்கு வாங்கறதா அறிவிச்சது. ரூபாய்ங்க, டாலர் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி போட்டதுல ஆறுல ஒரு பங்கு கூடத் தேறாது. ஆனா அந்த நேரத்துல ஸ்னாப்டீலுக்கு அது மூச்சு. பாங்க்ல கொஞ்சம் காசு வரும்னு தெரிஞ்ச ஆளு பேரம் பேசற தோரணையே வேற.

நாலு நாள் கழிச்சு, ஜூலை 31ஆம் தேதி, ஸ்னாப்டீல் எல்லாப் பேச்சுவார்த்தையும் முடிஞ்சதுன்னு அறிவிச்சது. தனியா போறோம். ஸ்னாப்டீல் 2.0. சாஃப்ட்பேங்க், நிறுவனர்கள் முடிவை மதிக்கறோம்னு ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்தது. நகர்ந்தது எங்கன்னா, ஆகஸ்ட் 10ஆம் தேதி விஷன் ஃபண்ட் நேரடியா ஃப்ளிப்கார்ட்டுக்குள்ள வந்துட்டது. தொகை சுமார் 250 கோடி டாலர்னு பேசப்பட்டது. பத்தே நாள். மாப்பிள்ளை வீட்டுக்குள்ள போக ஒரு கல்யாணம் தேவைப்பட்ட தரகர், கல்யாணம் நின்னதும் முன்வாசல் வழியாவே நடந்து போயிட்டார்.

2018 வசந்த காலத்துல அடுத்த வதந்தி: ஃப்ளிப்கார்ட்டையே வாங்கப் போறாங்களாம். அமேசானா, வால்மார்ட்டா? அமேசான் வாங்கினா விலை அதிகம் கிடைக்கலாம், ஆனா இந்திய ஆன்லைன் சந்தையோட முதல் ரெண்டு இடமும் ஒரே கையில போயிடும். போட்டி ஆணையம் அதை விடுமாங்கறது பெரிய கேள்வி. வால்மார்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்ல. 2018 மே 9ஆம் தேதி 77 சதவீதப் பங்கை 1,600 கோடி டாலருக்கு வால்மார்ட் வாங்கறதா அறிவிப்பு. அதிகாரப்பூர்வ அறிவிப்புக்கு முன்னாடியே மசயோஷி சன் டோக்கியோவில தன் கம்பெனி லாபக் கணக்கு சொல்ற கூட்டத்துல வாய் விட்டுட்டார். இந்த ஒரு தடவை "விஷயம் அறிந்த வட்டாரம்" யாருன்னு நமக்குத் தெரிஞ்சது! சாஃப்ட்பேங்க் ஒரு வருஷத்துக்குள்ள போட்டதுக்கு மேல சுமார் 150 கோடி டாலர் லாபத்தோட வெளிய வந்தது. சச்சின் பன்சலும் மொத்தமா வித்துட்டு வெளியேறினார்.

இப்போ அந்தக் கேள்வி வரும், எனக்கே வந்தது. 2017ல ஸ்னாப்டீல்காரங்க ஒத்துக்கிட்டு ஃப்ளிப்கார்ட் பங்கா வாங்கியிருந்தா, ஒன்பதே மாசத்துல வால்மார்ட் விலைக்கு வித்திருக்கலாமே? 2017 ஏப்ரல்ல ஃப்ளிப்கார்ட் மதிப்பு 1,160 கோடி டாலர். வால்மார்ட் வந்தப்போ 2,000 கோடிக்கு மேல. காகிதத்துல பாத்தா 95 கோடி, கிட்டத்தட்ட 170 கோடி ஆகியிருக்கும். முதலீட்டாளர்கள் இன்னும் இதை நினைச்சு நெஞ்சைத் தடவுவாங்க. யாகூ கதையும் இதையேதான் சொல்லுது, வந்த விலையை விடாதேன்னு.

ஆனா நான் அந்தக் கணக்கை முழுசா ஏத்துக்கல. அந்த 170 கோடி யாருக்குப் போயிருக்கும்? ரப்பர் ஷீட் கணக்கை ஞாபகம் வைங்க. முதல்ல முதலாளி, அப்புறம் மாமா. இணைப்பு நடந்திருந்தா ஒரே வேலையைச் செய்யற ரெண்டு டீம்ல ஒண்ணு வீட்டுக்குப் போயிருக்கும். விற்பனையாளர் பாக்கிக்கு இன்னொரு கம்பெனி வாசல்ல நிக்கணும். தனியா போனதும் சுகமா இல்ல. ஆள்குறைப்பு தொடர்ந்தது. வல்கன் எக்ஸ்பிரஸ் 35 கோடி ரூபாய்க்கு ஃப்யூச்சர் குழுமத்துக்குப் போச்சு. ஆனா ஸ்னாப்டீல் நஷ்டம் 2016-17ல 4,600 கோடி ரூபாய்க்கு மேல இருந்தது, அடுத்த வருஷம் சுமார் 600 கோடியாச்சு, அதுக்கு அடுத்த வருஷம் 200 கோடிக்கும் கீழ வந்தது. பெரிய போன், டிவி பந்தயத்தை விட்டுட்டு, குறைஞ்ச விலைத் துணியும் வீட்டுச் சாமானும் விக்கற பழைய இடத்துக்கே திரும்பினாங்க. சின்னதாகிப் பொழைச்சது. எங்க ஊர் மாதிரி ஊர்களுக்குத்தான் அந்தச் சரக்கு.

2021 டிசம்பர்ல பங்குச் சந்தைக்கு வர விண்ணப்பிச்சாங்க, சரியா ஒரு வருஷத்துல வாபஸ் வாங்கினாங்க. கம்பெனி பேரை ஏஸ்வெக்டர்னு மாத்தியிருந்தாங்க. 2025 ஜூலையில மறுபடி செபிக்கு ரகசிய முறையில விண்ணப்பம்.

அதனால அந்தப் பையனுக்கு நான் சொன்னது: விலை என்னன்னு விசாரிக்காத, அது உனக்குத் தெரிய வராது. கம்பெனி மொத்தம் எவ்வளவு திரட்டியிருக்குன்னு பாரு, அது பொதுவில கிடைக்கும். பேசப்படற விலை அதை விடக் கீழன்னா, உன் ஈசாப்பை நம்பி வீட்டு லோன் போடாத. ஏற்கனவே உன் பேருக்கு வெஸ்ட் ஆனது எவ்வளவு, ஆகாதது எவ்வளவு, வேலையை விட்டா எத்தனை நாளைக்குள்ள காசு கட்டி எடுக்கணும்னு உன் லெட்டர்ல இருக்கும், அதைப் படி. அவன் லெட்டரைத் தேடிக்கிட்டிருக்கான்.

ஒரே ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 2015ல ஸ்னாப்டீல் வாங்கின சின்னக் கம்பெனிகளில் யூனிகாமர்ஸ்னு ஒண்ணு. விற்பனையாளர்கள் பல சந்தைகளில் வர்ற ஆர்டரையும் கிடங்குச் சரக்கையும் ஒரே திரையில பாத்துக்கற மென்பொருள். 2017 பேரத்துல ஸ்னாப்டீலோட சேர்த்து இதையும் ஃப்ளிப்கார்ட்டுக்குக் குடுக்கறதாத்தான் இருந்தது. அப்போ இதைப் பத்தி யாரும் பேசல, தலைப்புச் செய்தியில பேர் கூட வரல. 2024 ஆகஸ்ட்ல அது தனியா பங்குச் சந்தைக்கு வந்தது. 108 ரூபாய்க்குக் குடுத்த பங்கு, பட்டியலான அன்னிக்கு 235ல திறந்தது. வந்த விண்ணப்பம் 168 மடங்கு. அதுல தன் பங்குல கொஞ்சத்தை வித்தவங்க பட்டியல்ல சாஃப்ட்பேங்கும் இருந்தது.